அடுத்த வீட்டுக்கு மாறுகிற ஊர்

"மறுபடியும் மூணா மடிச்சிட்டீங்க அண்ணி."

"எங்க?"

"உங்க கையிலதான். அதுக்கு அடியில இருக்கறதும் மூணு. என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு மடிப்பு போதுமே, மூணாவது எதுக்கு?"

நான் மேசையில் இருந்த விரிப்புகளை உதறிப் பிரித்தேன். எதிரே இடுப்பில் கைவைத்து நின்றவள் என் நாத்தனார். வீட்டில் அவளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். இந்த லாண்டரியில் அவள்தான் என் மடிப்பு ஜோடி. ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் பெரிய இஸ்திரி ரோலரில் நுழைந்து சூடாக வெளியே வரும்போது இரண்டு மூலைகளை அவள் பிடிப்பாள், இரண்டு மூலைகளை நான் பிடிப்பேன். ஓர் உதறு. மூலையோடு மூலை. பிறகு அவள் என்னை நோக்கி வருவாள், நான் அவளை நோக்கிப் போவேன். நடுவில் தன் கையில் இருப்பதை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து கீழ் மடிப்பைப் பிடிப்பாள். நாளெல்லாம் இப்படி நெருங்குவதும் விலகுவதும்தான் வேலை. தூரத்திலிருந்து பார்த்தால், ஏதோ சொல்ல வந்த இரண்டு பேர் சொல்லாமலே திரும்பித் திரும்பிப் போவது போலிருக்கும்.

கடைசி மடிப்பு மட்டும் என் பொறுப்பு. மேசையில் வைத்துச் சரிபாதியாக மடித்து அடுக்க வேண்டும். மூன்றாக மடித்தால் அடுக்கு ஒரு பக்கமாகச் சாயும், ஹோட்டல் அலமாரியில் உட்காராது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் பிறந்த வீட்டில் அலமாரி ஒடுக்கம். அம்மா எல்லாத் துணியையும் மூன்றாகத்தான் மடிப்பாள். என் தலை வேறெங்காவது போய்விட்டால் கைகள் பேசாமல் அம்மா வீட்டுக்குப் போய்விடும். இதை முதலில் கண்டுபிடித்தவள் வாலுதான். அன்றிலிருந்து என் தலைக்குள் யாரோ ஒரு ஜன்னல் வைத்துவிட்டது போல எனக்குக் கூச்சம்.

"கண்ணாடி ரூம் விஷயமா?" என்றாள்.

காலையில் மேனேஜர் என்னைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டிருந்தார், அது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புதிதாக இரண்டு ஹோட்டல்கள் சேர்ந்திருக்கின்றன, கண்ணாடி அறையில் தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப் போகிறார்கள், அதில் நான் உட்கார வேண்டும் என்றார். உட்கார்ந்த வேலை. சம்பளமும் கூடுதல். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தொலைபேசிகளும் அடித்தன. இரண்டு காதிலும் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டு, கண்ணாலேயே என்னைப் போகச் சொன்னார்.

நல்லா யோசிச்சு. நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த நாற்காலியைப் பற்றி இல்லை.

"ஊர்ல ஒரு பிரச்சினைடீ" என்றேன். எப்படி வாயிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை. "ஒரு பெரியவர் கதவைச் சாத்திக்கிட்டார். வெளியே வரமாட்டேங்கறார். அவரால தெருவே நிக்குது."

வாலுவின் முகம் மாறியது. "ஐயையோ, எப்பலேருந்து?"

"ரெண்டு மூணு வாரமா."

அதற்குள் வண்டிக்கார அண்ணன் அழுக்கு மூட்டைகளோடு தள்ளுவண்டியை உள்ளே விட்டார். அந்தச் சத்தத்தில் பேச்சு அறுந்தது.

அந்த ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. ஒருநாள் பேருந்தில் வரும்போது இரண்டு பேர் ஓர் அலமாரியைத் தெருவில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதன் கண்ணாடிக் கதவில் தெருவிலிருந்த வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்துபோயின. அன்றைக்கு மடிப்பு மேசையில் நிற்கும்போது, வட்டமாக ஒரே ஒரு தெரு உள்ள ஊர் ஒன்று எனக்குள் வந்து உட்கார்ந்தது. அங்கே வருஷத்துக்கு ஒருநாள் எல்லோரும் அடுத்த வீட்டுக்கு மாற வேண்டும். கையில் பிடிக்கிற அளவுக்குத்தான் எடுத்துப் போகலாம். மற்றதெல்லாம் வருகிறவர்களுக்கு.

அவ்வளவுதான் சட்டம். ஆனால் அதிலிருந்து எத்தனை கேள்விகள்! ஒரு வருஷம்தான் இருக்கப்போகிறோம் என்றால் ஒழுகும் குழாயை யார் சரி செய்வார்கள்? கதவில் குழந்தையின் உயரத்தைக் கோடு போட்டு வைத்தவர்கள் என்ன செய்வார்கள்? (தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு கோடு, அடுத்தடுத்து நடந்து பார்த்தால் அந்தக் குழந்தை வளர்வது தெரியும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு மதியச் சாப்பாடே இறங்கவில்லை.) விரிப்பை உதறுவேன், ஊருக்குள் நுழைவேன், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். கைக்கு வேலை, தலைக்கு லீவு. இப்படி ஒரு வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அந்த ஊரில்தான் இப்போது அந்தப் பெரியவர் அடம்பிடிக்கிறார். மாறும் நாள் வந்துவிட்டது. அவர் வெளியே வந்தால்தான் பின்னால் இருப்பவர் உள்ளே போக முடியும், அவர் போனால்தான் அவருக்குப் பின்னால் இருப்பவர். மொத்தத் தெருவும் கையில் ஒரு பொருளோடு வெயிலில் நிற்கிறது. யார் போய் அவரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது?

மதியத்துக்குப் பிறகு வாலு வழக்கம்போல வாயடிக்கவில்லை. விரிப்பைக் கொடுக்கும்போது என் விரலை ஒருமுறை அழுத்தினாள். நாற்காலியை நினைத்து எனக்காகச் சந்தோஷப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் அப்படி உம்மென்று இருந்ததால்தான் எனக்கு அந்த ஆசை வந்தது: இவள் தலைக்குள் இப்போது என்ன ஓடுகிறது? இவள் மட்டுமா, இங்கே நாள் முழுக்க நிற்கிற எல்லோர் தலைக்குள்ளும் என்னதான் ஓடுகிறது?

மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்கார அண்ணனிடம் கேட்டேன்.

"வண்டி ஓட்டும்போதா? ரோட்டைப் பத்தித்தான் யோசிப்பேன். வேற எதைப் பத்தி?"

"பொய் சொல்லாதீங்கண்ணே."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். "எம் மச்சான் ஒருநாள் நாலு பேர் முன்னாடி என்னை ஒரு வார்த்தை சொல்லிட்டான். அப்ப வாயடைச்சுப் போய் நின்னுட்டேன். என் பெரிய பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. அதுக்குப் பதில் என்ன சொல்லியிருக்கணும்னு யோசிச்சுட்டிருக்கேன்."

"இன்னுமா?"

"முதல்ல ரொம்ப நீளமா இருந்துச்சும்மா. வைய வைய நீண்டுக்கிட்டே போச்சு. அப்புறம் வெட்டி வெட்டி, இப்ப நாலே வார்த்தையில வந்து நிக்குது. சும்மா கத்தி மாதிரி!"

"என்ன நாலு வார்த்தை?"

"அதெப்படி உங்கிட்டச் சொல்றது? மச்சான்கிட்ட இல்ல சொல்லணும்?"

"எப்பச் சொல்லப் போறீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சொல்லிட்டா அப்புறம் நான் எதை யோசிக்கறது?"

துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ட்ரம் அக்கா, வட்டக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தன் முக்காலியில் இருந்தாள். நுரை சுற்றுவதிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். "நான் ஒண்ணுமே நினைக்கறதில்ல."

"அது எப்படிக்கா முடியும்?"

"லேசுன்னு நினைச்சியா? கண்டதும் உள்ள வரப் பாக்கும். வாசல்லயே நின்னு விரட்டணும். இப்ப பாரு, நீ வந்துட்டே. போ, போ."

சிரித்துக்கொண்டே திரும்பியபோது கண்ணாடி அறை கண்ணில் பட்டது. மேனேஜர் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவர் பேருந்துக்கு நடந்து போகும்போது பார்த்திருக்கிறேன், உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் பின்னாலேயே போய்க் காது கொடுத்துக் கேட்டேன். தலையணை உறை, தலையணை உறை, மூணாவது மாடி, தலையணை உறை.

அவரிடம் மட்டும் போய்க் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சாயங்காலம் வாலு எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பரண் மேலிருந்த சூட்கேஸ் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. என் கணவர் என் துணிகளை அதற்குள் திணித்துக்கொண்டிருந்தார். மடிக்கிறவள் வீட்டில் இப்படி ஒரு மடிப்பா என்று யாரும் சிரிப்பார்கள். வாலு பக்கத்தில் ஒரு பையில் பிஸ்கட் பாக்கெட்டுகளை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி காலையிலதான் இருக்கு" என்றார் அவர். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ரெண்டு மூணு வாரமாவா உள்ளயே வச்சுக்கிட்டு இருக்கறது?"

"எதை?"

"உங்கப்பா கதவைச் சாத்திக்கிட்டதை."

"எங்கப்பா எதுக்குக் கதவைச் சாத்தணும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். தெருவே கூடி நிக்குதாமே. மாப்பிள்ளைன்னு ஒருத்தன் இருக்கறது ஞாபகமே இல்லையா?"

நான் வாலுவைப் பார்த்தேன். அவள் பிஸ்கட் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "நீங்கதானே அண்ணி ஊர்ல பிரச்சினைன்னீங்க. ஒரு பெரியவர்னீங்க..."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பொங்கியது. கட்டிலில் சூட்கேஸ் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துவிட்டு, வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரிக் கண்ணாடி, வட்டத் தெரு, கதவுகளில் ஏறிக்கொண்டே போகும் உயரக் கோடு, வெயிலில் நிற்கும் ஜனம். சொல்லச் சொல்ல முகம் சூடாகியது. நாத்தனார் முன்னால் குளிப்பது போல இருந்தது.

சொல்லி முடித்தேன். பிறகு கணவர் சூட்கேஸின் மறுபக்கத்தில் உட்கார்ந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார்.

"மாடி வீடு உண்டா?"

"இல்ல. எல்லாமே தரை வீடு."

"அப்ப அந்த ஊர்ல எனக்கு வேலை கிடையாது." உண்மையாகவே அவருக்கு வருத்தம் போலத்தான் இருந்தது.

வாலு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, யாராச்சும் செத்துப்போய் ஒரு வீடு காலியாயிட்டா? மத்தவங்க எல்லாரும் ஒரு வீடு தள்ளிப் போவாங்க. அப்ப காலி வீடு?"

நான் யோசித்துப் பார்த்தேன். அத்தனை நாளில் எனக்குத் தோன்றாதது அது. "காலி இடமும் ஒரு வீடு தள்ளிப் போகும்."

"ஆமால்ல! வருஷா வருஷம் அதுவும் வீடு மாறுது! அதுக்குப் பின்னால வர்றவங்களுக்கு எப்பப் பாத்தாலும் ஒட்டடை அடிக்கற வேலைதான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாவம். ஆனா அவங்களுக்குத்தான் செத்தவங்களை நல்லா ஞாபகம் இருக்கும்."

"நீ மேசையில நிக்கும்போது எதைப் பத்தி யோசிப்பே?" என்று நான் அவளைக் கேட்டேன்.

"நானா?" அவள் தரையைப் பார்த்தாள். "பஸ்ல வர்றவங்க என்னைப் பத்தி என்ன நினைக்கறாங்கன்னு."

"அவங்களும் அதையேதான் நினைச்சுட்டு உக்காந்திருப்பாங்க, நீ அவங்களைப் பத்தி என்ன நினைக்கறேன்னு" என்றார் அவள் அண்ணன். "பஸ்ஸே அதாலதான் ஓடுது."

"நீ என்ன நினைப்பே அண்ணா? அந்த லிஃப்ட் குழிக்குள்ள?"

"மேல இருந்தா எப்ப இறங்கலாம்னு. கீழ இருந்தா எப்ப ஏறணும்னு." அவர் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "சரி, நேராவே கேக்கறேன். வாலு சொல்லிட்டா. கண்ணாடி ரூம்ல நாற்காலி தர்றாங்களாமே. இந்த ஊருக்காகத்தான் வேணாங்கப் போறியா?"

நான் குனிந்து குதிகாலைத் தேய்த்தேன்.

"குதிகால் வலின்னு தினமும் வெந்நீர்ல காலை வச்சுக்கிட்டு முனகறது யாரு? நானா?"

"நான்தான்."

"அங்க உக்காந்தும் யோசிக்கலாம்ல?"

"அங்க உக்காந்தா தலையணை உறையைப் பத்தித்தான் யோசிக்க முடியும். அவரைப் பாத்திருக்கீங்களா நீங்க? வீட்டுக்குப் போகும்போதும் அவர் வாய்ல அதுதான். என் காலைக் காப்பாத்திக்கிட்டுத் தலையைக் குடுக்கச் சொல்றீங்க."

இவ்வளவு கூர்மையாக நான் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவர் சூட்கேஸிலிருந்து என் துணி ஒன்றை எடுத்து, மடியில் வைத்து, மெதுவாக மடிக்க ஆரம்பித்தார். கோணல் மாணலாக வந்தது. பிரித்து மறுபடியும் மடித்தார். கோபம் வந்தால் அவருக்குக் கைக்கு ஏதாவது வேண்டும்.

"அந்த ஊர்ல தலைவர் யாரு?" என்றார் மடித்துக்கொண்டே.

"தலைவர் வேற எதுக்கு?"

"பின்ன? பெரியவர் கதவைச் சாத்திக்கிட்டார்னா போய்ச் சொல்றதுக்கு ஆள் வேணாமா? தலைவர்னு ஒருத்தர் இருந்தா அவரும்தானே வீடு மாறணும்? அப்ப ஆபீஸ் வருஷா வருஷம் அவர் பின்னாலயே போகுமா? மேசை, நாற்காலி, மணி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டா?"

"கையில பிடிக்கற அளவுதான்" என்று வாலு ஞாபகப்படுத்தினாள்.

"அதான் கேக்கறேன். நாற்காலி எப்படிக் கையில பிடிக்கும்?"

அவர் வம்புக்குத்தான் கேட்டார். ஆனால் என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. நாற்காலி எங்கேயும் போக வேண்டாம். நாற்காலி அந்த வீட்டிலேயே இருக்கட்டும். எந்த வருஷம் யார் அந்த வீட்டுக்கு வருகிறார்களோ அவர்தான் அந்த வருஷத்துத் தலைவர். மணியை அடிப்பது, குழாயைச் சரி செய்யச் சொல்வது, கதவைச் சாத்தியவரிடம் போய்ப் பேசுவது எல்லாம் அவர் பாடு. அடுத்த வருஷம் அவர் பக்கத்து வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். கதவைச் சாத்திக்கொண்ட பெரியவருக்கு அடுத்தது அந்த வீடாகவே இருக்கட்டும். தலைவர் போய் அவரிடம் அதைச் சொன்னால் போதும்: ஐயா, அடுத்தது மணி அடிக்கிற வீடு, வந்து பாருங்கள்.

கதவு திறப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் கையில் என்ன வைத்திருந்தார் என்பது மட்டும் தெரியவில்லை.

"என்ன யோசனை?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வாலு என் மடியைக் காட்டினாள். அவர் கோணலாக மடித்துப் போட்டிருந்த துணியை நான் எடுத்து மூன்றாக மடித்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கடைசிக் கட்டு ரோலரிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாலு அடுக்குகளை வண்டியில் ஏற்றப் போயிருந்தாள். காலையிலிருந்தே அவளுக்கு அந்தக் காலி வீடுதான். போகிற வழியில் ட்ரம் அக்காவிடம் கூடச் சொல்லிவிட்டாள். "விரட்டினாலும் போகமாட்டேங்குதே அந்த வீடு" என்று ட்ரம் அக்கா என்னைத் திட்டினாள். வண்டிக்கார அண்ணன், மச்சானும் அதே தெருவில்தான் குடியிருப்பானா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கண்ணாடி அறையின் கதவு திறந்தது. மேனேஜர் வெளியே வந்தார். வெளியே வந்தால் அவர் கண்ணைச் சுருக்குவார், திடீரென்று வெளிச்சத்துக்கு வந்தவர் போல.

"என்னம்மா, யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கறீங்களா? விரிப்பு ஆறிடும்."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு சட்டைக் கையை மேலே தள்ளிக்கொண்டு இரண்டு மூலைகளைப் பிடித்தார். பிடித்த விதத்திலேயே தெரிந்தது. கட்டைவிரல் உள்ளே, தையல் மேலே. அவர் உதறியபோது விரிப்பு பட்டென்று ஒரு சத்தம் போட்டது. எனக்கும் வாலுவுக்கும் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

"நீங்க இந்த மேசையில நின்னிருக்கீங்களா சார்?"

"அந்த ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி. இதே இடம்தான்."

நாங்கள் நெருங்கினோம். அவர் மூலைகளைக் கொடுத்தார், குனிந்தார், விலகினார். அடுத்த விரிப்பு.

"அப்ப எதைப் பத்தி யோசிப்பீங்க?"

"மேசையிலயா?" அவர் சிரிக்கப் போனார், சிரிக்கவில்லை. "ஒண்ணு இருந்துச்சு. ரொம்ப நீளமான விஷயம். இன்னிக்கு விட்ட இடத்துலேருந்து நாளைக்குத் தொடருவேன். ஒரு ஆறு வரும் அதுல. படகு ஒண்ணு... இல்ல, படகு இல்ல. அக்கரையில யாரோ எதையோ கூப்பிட்டுக் கேப்பாங்க, இங்கேருந்து காதுல சரியா விழாது. என்ன கேட்டாங்கன்னு கண்டுபிடிக்கணும். அதான்." அவர் கையிலிருந்த மூலைகளையே பார்த்தார். "கண்டுபிடிச்சேனான்னு இப்ப ஞாபகமில்ல."

கண்ணாடி அறைக்குள் தொலைபேசி அடித்தது. அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கைகள் மட்டும் விரிப்பை விடவில்லை.

"சார், அந்த நாற்காலி எனக்கு வேணும். ஆனா எப்பவும் வேணாம். ஒரு மாசம் நான், அடுத்த மாசம் ட்ரம் அக்கா, அப்புறம் என் நாத்தனார். இப்படியே சுத்தி வரட்டும். உங்க நாற்காலியும்தான். முதலாளி ஒத்துக்குவாரான்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் கேக்கணும்."

இரண்டாவது தொலைபேசியும் சேர்ந்து அடித்தது. நான் என் பக்கத்து மூலைகளோடு அவரை நோக்கி நடந்தேன். பாதி வழியில் அவரும் நின்றார், நானும் நின்றேன். நடுவில் தொங்கிய விரிப்பின் சூடு இரண்டு பேர் கையிலும் இருந்தது.

"முதல் மாசம் நான் உள்ள உக்காந்து அந்தப் போனையெல்லாம் எடுக்கறேன் சார்" என்றேன். "அந்த ஒரு மாசம் நீங்க இங்க வந்து, இந்தப் பக்கம் பிடிக்கறீங்களா?"